நான்கு நிமிட மணல்

மாத்திரையைப் போட்டாயிற்று. தொட்டியின் மூடியைச் சாத்தியாயிற்று. இனிப் பத்து நிமிடம். கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒரு வீட்டின் கழிப்பறை வாசலில் சுவரை ஒட்டி நிற்கிறார் சொட்டு சார். நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். காப்பி கொடுத்தால் மறுக்க மாட்டார். "பத்து நிமிஷ சமாச்சாரம்மா. நீங்க பாட்டுக்கு உங்க வேலையப் பாருங்க. அதுவரைக்கும் யாரும் உள்ள போகக் கூடாது, அவசரம்னா இப்பவே சொல்லிடுங்க" என்பார். சொல்லிக்கொண்டே வீட்டில் இருக்கிற எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்ப்பார். யாராவது நெளிந்தால் கண்டுபிடித்துவிடுவார்.

மாத்திரை பட்டாணி அளவுதான், நிறம் நீலம். கழிப்பறைக்கு மேலே இருக்கிற தண்ணீர்த் தொட்டியில் அது கரையும். யாரும் அழுத்தாமலே பத்து நிமிடத்தில் கீழே பீங்கானில் நீலம் தென்பட்டால், உள்ளே ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். சத்தமே இல்லாமல் ஒரு நாளைக்கு இருபது குடம் தண்ணீர் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். "இதை யார் சார் முழுங்கணும்?" என்று கேட்டவர்கள் உண்டு. ஒரு வீட்டில் மாடியில் தூங்கிக்கொண்டிருந்த மாமனாரிடம் சொல்ல மறந்துவிட்டார்கள். அவர் நேரே எழுந்து வந்து, போய், குனிந்து பார்த்து, தமக்கு என்னவோ ஆகிவிட்டது என்று போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. அன்றிலிருந்துதான் இந்த முகம் பார்க்கும் வழக்கம்.

குடிநீர் வாரியத்தில் சிக்கனப் பிரிவு என்று ஒன்று இருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது. மூன்றாவது மாடி, நான்கு மேசை. வீடுகளைக் குறைவாகத் தண்ணீர் செலவழிக்க வைப்பது அவர்கள் வேலை. அதட்டக் கூடாது, கெஞ்சக் கூடாது, ஆனால் செலவு குறைய வேண்டும். இருபத்திரண்டு வருடமாக சொட்டு சார் அதைச் செய்கிறார். அவர் தோளில் தொங்கும் பையில் குழாய் வாய்க்கு மாட்டுகிற சல்லடைகள், ரப்பர் வளையங்கள், தண்ணீரைப் பாதியாகக் குறைக்கிற ஷவர் தலைகள், கூடவே ஒரு டஜன் மணல் கடிகாரங்கள். நீல மணல். கவிழ்த்து வைத்தால் நான்கு நிமிடத்தில் மேலே இருப்பது கீழே வந்துவிடும். வீட்டுக்கு ஒன்று இலவசம். "குளிக்கப் போகும்போது இதைக் கவுத்துட்டுப் போங்க. மணல் முடிஞ்சா வெளிய வந்துடுங்க. நாலு நிமிஷம் போதும். மேல அழுக்குதானே இருக்கு, பாவமா இருக்கு, தேச்சுக்கிட்டே இருக்கறதுக்கு?" என்பார். இந்த நகைச்சுவையை அவர் ஆயிரம் வீட்டிலாவது சொல்லியிருப்பார். ஆயிரம் தடவையும் தாமே முதலில் சிரித்திருப்பார்.

பெயர் வந்த கதை பெரிய கதை இல்லை. எந்தக் குழாயைக் கண்டாலும் அதன் வாய்க்கு நேர் கீழே ஆள்காட்டி விரலை நீட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். ஒரு சொட்டு விழுந்துவிட்டால் போதும், பையைத் திறந்துவிடுவார். கல்யாண மண்டபத்துக்குப் போனால் மணமக்களைப் பார்ப்பதற்கு முன் கைகழுவும் இடத்தைப் பார்ப்பார். மனைவிக்கு ஒருமுறை அறுவை சிகிச்சை நடந்தது. நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல டாக்டர் வெளியே வந்தால் ஆளைக் காணோம். தேடினால் வராந்தாக் கோடியில் குழாயைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏதாவது ஒன்றையாவது சரிசெய்ய முடிகிறதா என்று பார்த்தேன் என்று பின்னால் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் அதை மன்னித்துவிட்டாள். ஆனால் மறக்கவில்லை, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாள்.

அவர்கள் வீடு மேட்டுத் தெருவில். அங்கே தண்ணீர் ஏறுவது காலையில் ஒரு மணி நேரம். கீழே இருக்கிற தெருக்களில் எல்லோரும் குழாயைத் திறந்து வைத்திருந்தால் அந்த ஒரு மணியும் இல்லை. மனைவி பாத்திரங்களை வரிசையாக வைத்துவிட்டு முதல் குமிழியின் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருப்பாள். "ஊர்ல இருக்கிற குழாயெல்லாம் மூடிட்டு வர்ற மனுஷனுக்கு, சொந்த வீட்ல திறக்கறதுக்குத் தண்ணி இல்ல" என்பாள். கீழே ஒரு வீட்டில் ஒரு ரப்பர் வளையம் மாற்றினால் மேலே ஒரு குடம் நிறையும் என்று அவர் மனதார நம்புகிறார். அந்த நம்பிக்கைதான் அவரைப் படியேற வைக்கிறது. முழங்கால் எப்போதோ கைவிட்டுவிட்டது.

வீட்டு ஆய்வுப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் அவருக்கு முக்கியம். ஒன்று, 'காரணம்'. கசிவு, தோட்டம், விருந்தினர், மற்றவை என்று நான்கு இருக்கும். 'மற்றவை'யில் அவர் இதுவரை குறி போட்டதே இல்லை. "மற்றவைன்னு ஒண்ணு கிடையாது. ஒழுங்காத் தேடலன்னு அர்த்தம்" என்று புதிதாகச் சேர்ந்தவர்களிடம் கடுகடுப்பார். இன்னொன்று, 'வசிப்போர்'. ஆளுக்கு இவ்வளவு என்று வாரியம் ஒரு அளவு வைத்திருக்கிறது. அதனால் ஆளைக் கூட்டிச் சொல்லுகிறவர்கள் ஏராளம். ஒருவர் தம் வீட்டில் ஒன்பது பேர் என்றார். சொட்டு சார் குளியலறைக்குள் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "மூணு பேர்" என்று எழுதினார். பல் தேய்க்கும் பிரஷ்களை எண்ணுவது அவர் முறை. "வாய் எத்தனை பேர்னு வேணா சொல்லும் சார். பிரஷ் சரியாச் சொல்லிடும்" என்றார் அந்த மனிதரிடம். அவருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

இப்போது ஒரு கடிதத்துக்கு வருகிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வாரியத்திலிருந்து எல்லா வீட்டுக்கும் ஒரு தாள் வரும். உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கலாம். உங்கள் தெருவில் மற்றவர்கள் எவ்வளவு செலவழித்தார்கள், நீங்கள் எவ்வளவு என்று இரண்டு கோடு போட்டிருக்கும். ஓரத்தில் கண், வாய் வைத்த ஒரு தண்ணீர்த் துளி. நன்றாகக் குறைத்திருந்தால் துளி சிரிக்கும். கூடிப்போனால் அழும். குறைத்தவர்களுக்குத் தனியாக ஒரு வாழ்த்தும் உண்டு. அந்த வாழ்த்தை எழுதியது சொட்டு சார். அவருக்கு எழுத்தில் ஓர் ஆசை, சின்ன வயதிலிருந்தே. பதினான்கு தடவை அடித்தடித்து எழுதினார். மனைவியிடம் படித்துக் காட்டினார். "உங்கள் வீட்டின் தண்ணீர்ச் செலவை வெகுவாகக் குறைத்துவிட்டீர்கள். மனமார்ந்த வாழ்த்துகள்! உங்கள் இல்லத்தில் நிகழ்ந்த இந்த மாற்றம் என்றும் நிலைக்கட்டும்!" கடைசி வரியைப் படிக்கும்போது அவர் குரலே கொஞ்சம் உயர்ந்தது. அது அச்சாகி லட்சம் வீட்டுக்குப் போனது. கண்ணாடிச் சட்டம் போடாத குறையாக ஒரு பிரதியைத் தம் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார்.

அழும் துளி தொடர்ந்து மூன்று முறை வந்தால் ஆள் வந்து மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பித்தளைத் தகடு வைத்துவிட்டுப் போவார்கள். நடுவில் ஊசிமுனைத் துளை ஒன்று. பார்ப்பதற்குச் சட்டைப் பொத்தான் மாதிரி இருப்பதால் வாரியத்தில் எல்லோரும் அதைப் பொத்தான் என்றே சொல்வார்கள். பொத்தான் போட்ட வீட்டில் கீழ்க்குழாயில் மட்டும் தண்ணீர் வரும். மேலே ஏறாது. போடுவதற்கு முன் ஒருமுறை வீட்டை நேரில் பார்த்து, காரணம் எழுதித் தரவேண்டும். அப்படித்தான் போன மாதம் பிரிவு அதிகாரி மேடம் ஒரு தாளை நீட்டினார். "ரெண்டு அழுகை ஆயிடுச்சு சார். ஒத்தை ஆள், ரெண்டு பேர் தண்ணி. பாத்துட்டு வந்து எழுதிக் குடுங்க, மூணாவது வந்ததும் போட்டுடலாம்."

தையல்காரம்மாவின் வீடு அது. கீழ்த்தளத்தில் இரண்டே அறை. முன்னறையில் ஜன்னலை ஒட்டித் தையல் மிஷின், அதற்கு எதிரே துணி மூட்டைகள், சுவரில் ஒரு கடிகாரம். அறைக்குப் பின்னால் சமையலிடமும் குளியலறையும். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "வாங்க சார். பாருங்க. எல்லாத்தையும் நல்லாப் பாருங்க" என்றாள். குரலில் பயமும் இல்லை, வரவேற்பும் இல்லை.

சொட்டு சார் பார்த்தார். மாத்திரையைப் போட்டுப் பத்து நிமிடம் நின்றார். நீலம் வரவில்லை. சமையலறைக் குழாயின் கீழே விரலை நீட்டினார். ஒரு சொட்டு இல்லை. தோட்டம் கிடையாது. பாத்திரம் கழுவிய தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து வைத்திருந்தாள், தரை துடைக்க. துணிகூட வாரத்துக்கு ஒரு நாள்தான் துவைக்கிறாளாம். இப்படிப்பட்ட வீட்டுக்கு வாரியம் மாலை போட வேண்டும், பொத்தான் போடுவதாவது! அவர் மீட்டரைப் போய் இரண்டாம் தடவை பார்த்தார். முள் அசையாமல் நின்றது. பேனாவைத் திறந்துகொண்டு படிவத்தின் 'காரணம்' கட்டத்துக்கு முன்னால் அவர் முழித்த முழி இருக்கிறதே, இருபத்திரண்டு வருடத்தில் அப்படி முழித்ததில்லை.

"விருந்தாளி யாராவது வந்து தங்கறாங்களாம்மா?"

"யாரும் இல்ல சார்."

"பக்கத்து வீட்டுக்குத் தண்ணி ஏதும் குடுக்கறீங்களா? கோவிச்சுக்காதீங்க, கேக்கணும்."

"அவங்களுக்கு அவங்க குழாய் இருக்கு."

சுவர்க் கடிகாரம் மூன்றடித்தது. தையல்காரம்மா தைத்துக்கொண்டிருந்த சட்டையை மடியிலிருந்து எடுத்து வைத்தாள். எழுந்தாள். குளியலறைக்குள் போனாள். ஷவர் திறக்கும் சத்தம் கேட்டது. சொட்டு சார் சங்கடத்தோடு வாசல்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அந்நிய ஆண் ஒருவன் வீட்டில் இருக்கும்போது இந்த அம்மா குளிக்கப் போகிறாளே, நாம் கிளம்பிவிடலாமா என்று நினைத்தார். அதற்குள் அவள் வந்துவிட்டாள். ஒரு துளி நனையவில்லை. மிஷின் மேசையில் இருந்த மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்தாள். வாரியத்தின் நீல மணல். உட்கார்ந்து, மறுபடி சட்டையை எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, தண்ணி ஓடுது!" என்று பதறினார்.

"தெரியும் சார். ஓடட்டும்."

அவர் கால்கள் தாமாகவே குளியலறையை நோக்கி இரண்டடி வைத்துவிட்டன. ஓடுகிற குழாயின் சத்தம் கேட்டால் அவருக்குப் பல் கூசும். "மூடிடாதீங்க சார்" என்றாள் அவள். முதல் தடவையாகக் கண்ணாடியைக் கழற்றி அவர் முகத்தைப் பார்த்தாள். "இது எங்க வீட்டுக்காரர் குளிக்கிற நேரம்."

பேக்கரியில் அடுப்படி வேலை அவருக்கு. விடிவதற்கு முன்னால் போனால் மாலை மூன்று மணிக்கு வருவார். தலைமுடி, புருவம், காது மடல் எல்லாம் மாவு. நேரே குளியலறைக்குத்தான் போவார். முன்னறையில் இவள் தைத்துக்கொண்டிருப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழும். அந்தச் சத்தத்தின் ஊடேதான் அன்றைய கதையெல்லாம் கத்திக் கத்திப் பேசிக்கொள்வார்கள், அடுப்பு மக்கர் பண்ணியது, முதலாளி திட்டியது, எல்லாம். போன வருடம் ஒரு நாள் மூன்று மணிக்கு அவர் வரவில்லை, பேக்கரியிலிருந்து ஆள் வந்தான். மாவு மூட்டையைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

"அதுக்கப்புறம் மூணு மணி ஆனா வீடு கப்சிப்னு ஆயிடும் சார். மிஷினை எவ்வளவு வேகமா மிதிச்சாலும் அந்த இடம் நிரம்பாது. சரி, பழகிக்கணும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். அப்பதான் இது வந்துச்சு." மிஷினின் இழுப்பறையைத் திறந்தாள். நூல்கண்டுகளுக்கு அடியிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தாள். சொட்டு சாருக்கு அதைப் பிரிக்காமலே தெரிந்துவிட்டது. அந்தத் தாளின் நிறம் அவர் தேர்ந்தெடுத்தது.

"அவர் பேருக்குத்தான் வந்துச்சு. தண்ணிச் செலவைப் பாதியாக் குறைச்சிட்டாராம். வாழ்த்துகளாம்." அவள் தாளைப் பார்க்கவில்லை. மனப்பாடம். "உங்கள் இல்லத்தில் நிகழ்ந்த இந்த மாற்றம் என்றும் நிலைக்கட்டும்." பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். கோபத்தோடு சொல்லியிருந்தாலாவது தாங்கியிருக்கலாம். "அந்தத் துளி சிரிச்சுது சார். நான் அழுதுக்கிட்டே பாக்கறேன், அது பாட்டுக்குச் சிரிக்குது."

சொட்டு சார் திறந்திருந்த பேனாவை மூடினார்.

"அன்னிக்குத்தான் யோசிச்சேன்" என்றாள். "அவர் இல்லேன்னு இந்த ஊர்ல யாரு கவனிச்சாங்க? பேக்கரில மறுநாளே வேற ஆளைப் போட்டுட்டாங்க. அக்கம்பக்கத்துல ஒரு வாரம் வந்து போனாங்க. தப்பில்ல, அவங்கவங்களுக்கு ஆயிரம் வேலை. ரெண்டு மாசம் கழிச்சும் அவரை மறக்காம இருந்தது வாசல்ல இருக்கிற அந்த மீட்டர் ஒண்ணுதான். அதுவும் பாருங்க, போனது நல்லதுங்குதே! எனக்கு வந்துச்சே ஆத்திரம்... எழுந்து போய் ஷவரைத் திறந்து விட்டேன். அவர் இருந்தா எவ்வளவு ஓடுமோ அவ்வளவு. மீட்டருக்கு மட்டுமாவது அவர் இருக்கட்டும்னு."

பிறகு இணைப்பில் பெயர் மாற்ற வாரியத்துக்குப் போயிருக்கிறாள். கீழ்த்தளத்தில் இறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்த்து, வசிப்போர் இரண்டு என்பதை ஒன்று என்று திருத்திவிட்டார்கள். கீழ்த்தளத்தில் தெரிந்தது மூன்றாவது மாடிக்கு வந்து சேரக் கடிதம் எழுத வேண்டும், யாரும் எழுதுவதில்லை. ஒன்றாகத் திருத்தியதும் கணக்குப்படி ஆள் ஒன்று, தண்ணீர் இரண்டு. துளி அழ ஆரம்பித்துவிட்டது.

"இப்ப அது அழுவுது. இப்பதான் சார் எனக்குப் பாக்கறதுக்குச் சரியா இருக்கு" என்றாள்.

நான்கு நிமிட மணல் முடிந்தது. அவள் பார்க்காமலேயே கையை நீட்டிக் கவிழ்த்து வைத்தாள். "ரெண்டு தரம் கவுக்கணும். அவருக்கு எட்டு நிமிஷம் ஆகும். காதுக்குள்ள இருக்கிற மாவு லேசுல போகாது."

சொல்லாமல் போய்விடலாம் என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியது நிஜம். முடியவில்லை. "அந்தக் கடுதாசி நான் எழுதினதும்மா" என்றார்.

தையல்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தோளில் பை, கையில் படிவம், முழங்கால் வலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிற இந்த ஆளா என்பது மாதிரி. "கோவமாத்தான் இருந்தேன். எழுதினவன் கையை ஒடிக்கணும்னுகூட இருந்துச்சு. அப்புறம் நெனச்சுக்கிட்டேன், எழுதினவருக்கு எங்களைத் தெரியாதுல்ல" என்றாள். "இப்பத் தெரிஞ்சுக்கிட்டீங்க. அது போதும்."

போதாது என்று அவருக்குத் தெரியும். பொத்தானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இன்னொரு அழும் துளி வந்தால் பித்தளைத் தகடு வைத்துவிடுவார்கள், அப்புறம் ஷவருக்குத் தண்ணீர் ஏறாது, கீழ்க்குழாயில் நூல் மாதிரி வரும் என்று விளக்கினார். அவள் கை அப்போதுதான் நின்றது.

"ஏறவே ஏறாதா?"

"ஏறாதும்மா."

"அப்ப சத்தம்?"

"வராது."

அவள் சட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இனி ஒவ்வொரு நாளும் மூன்றடிக்கும்போது எப்படி இருக்கும் என்று அந்த முகத்தில் அப்படியே தெரிந்தது. "போன தடவை கடுதாசில சாகடிச்சீங்க" என்று மெல்லச் சொன்னாள். மீதியைச் சொல்லவில்லை.

சொட்டு சார் பையைத் திறந்தார். எந்தச் சங்கடம் வந்தாலும் அவருக்கு அது ஒன்றுதான் தெரியும். தண்ணீரைப் பாதியாகக் குறைக்கும் ஷவர் தலை ஒன்றை எடுத்தார். "இதைப் போட்டுப் பாக்கலாம்மா. சத்தம் அப்படியே இருக்கும், தண்ணி பாதிதான். அளவு இறங்கிடும், யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க." அவள் தலையசைத்தாள். அவர் குளியலறைக்குள் போனார்.

ஷவருக்கு நேர் கீழே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதன்மேல் மடித்து வைத்த வெள்ளைக் கோட்டு, பேக்கரிக் கோட்டு. ஒரு பாக்கெட் பிரிந்து, வேறு வெள்ளை நூலால் தைத்திருந்தது. தண்ணீர் அதன்மேல்தான் விழுந்துகொண்டிருந்தது. "நின்னு நின்னு கால் வீங்கிடும். உக்காந்துதான் குளிப்பார்" என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது. "வெறும் தரையில விழுந்தா சத்தம் வேற மாதிரி இருந்துச்சு. அதான் கோட்டை வெச்சேன். மாவெல்லாம் எப்பவோ போயிடுச்சு சார்." சோப்புத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர். அதில் இரண்டு பிரஷ்கள், ஒன்று நார் விரிந்து பழசாக, ஒன்று புதுசாக. பழக்கதோஷம், அவர் எண்ணிவிட்டார்.

தண்ணீரை நிறுத்தி, பழைய தலையைக் கழற்றி, புதியதை மாட்டித் திறந்தார். மெல்லிய ஊசிகளாக விழுந்தது. நல்ல சாமான்தான், சத்தமும் நன்றாகத்தான் இருந்தது. வெளியே வந்து அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். வாடிக்கையாளரின் முடிவுக்காக அவர் இப்படி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதே இல்லை.

"யாரோ வந்திருக்காங்க சார்" என்றாள் கண்ணைத் திறக்காமல். "அவர் இல்ல."

அவ்வளவுதான். சொட்டு சார் மறுபடி உள்ளே போனார். புதியதைக் கழற்றினார். இப்படித் துளையெல்லாம் பெரிதாகிப்போனவற்றைப் பிடுங்கி எறிவதையே தொழிலாகக் கொண்ட அவர், அந்தப் பழைய ஷவர் தலையைத் துணியால் துடைத்து மாட்டினார். ஒழுகாமல் இருக்க நாடாகூடச் சுற்றினார். சட்டைக் கை முழுக்க நனைந்துவிட்டது. கண்ணும் நனைந்திருந்தது. குளியலறையாக இருந்ததால் வெளியே தெரியவில்லை.

"விட்ட எடத்துல இருந்து வேணாம் சார். முதல்ல இருந்து விடறேன்" என்று அவள் வந்து திறந்தாள். தண்ணீர் கோட்டின்மேல் கனமாக விழுந்தது. திரும்பிப் போய் மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். இந்தத் தடவை தைக்கவில்லை. தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

சொட்டு சார் படிவத்தை மிஷின் மேசையின் ஓரத்தில் வைத்துக் குனிந்தார். எட்டு நிமிடத் தண்ணீர் எவ்வளவு என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேட்டுத் தெருவில் வரிசையாக நிற்கிற பாத்திரங்களில் பாதி. அந்தப் பாத்திரங்களுக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டிருக்கிற மனைவியின் முகம் வந்து நின்றது. இருபத்திரண்டு வருடம் படியேறி இறங்கிக் காப்பாற்றிய சொட்டுகளையெல்லாம் யாரோ ஒரே வாளியில் கவிழ்த்துக் கொட்டுவது போல இருந்தது அவருக்கு. எழுத வேண்டியது இரண்டு கட்டம்தான். 'காரணம்' கட்டத்தில் எந்தப் பெட்டிக்கும் பேனா போகவில்லை.

"வீட்ல எத்தனை பேர்னு போடட்டும்மா?" என்று கேட்டார். எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான்.

சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

'வசிப்போர்' கட்டத்தில் அச்சாகியிருந்த 'ஒன்று' என்பதை அடித்தார். பக்கத்தில் இரண்டு என்று எழுதி, திருத்தத்துக்குக் கீழே முழுக் கையெழுத்துப் போட்டார். இரண்டு பேருக்கு இந்தத் தண்ணீர் சரியான அளவு. துளி அழாது. காரணம் எழுத வேண்டிய தேவையும் இல்லை. படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சொல்லிக்கொண்டு கிளம்பலாம் என்று நிமிர்ந்தார்.

அவள் கண் திறக்கவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. அன்றைய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள் போல. மேசைமேல் மணல் மெலிந்து, மெலிந்து, கடைசித் துகளும் கீழே இறங்கிவிட்டது. நான்கு நிமிடம். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நாலு நிமிஷம் போதும் என்று ஆயிரம் வீட்டில் சொன்ன மனிதர் அந்த மணல் கடிகாரத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சத்தம் வராமல் கையை நீட்டி, அதை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.